வெந்நீருக்கு வெளியே ஐந்து நாள்

டாக்டர் மெலினா பிரஷர் கைப்பட்டையை உரித்தெடுத்த விதத்திலேயே அரெத்திக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கும் வெந்நீர்க் குளியல் கிடையாது.

"நூத்தி அம்பத்தி ரெண்டு," என்றாள் டாக்டர். "நேத்து நூத்தி அறுவது இருந்துச்சு. குறைஞ்சிருக்கு, நல்ல விஷயம். நாளைக்கு வாங்க, பாப்போம்."

"நாளைக்கு நாளைக்குன்னா எனக்கு எத்தன நாளைக்கும்மா இருக்கு? சனிக்கிழமை காலைல நான் படகு ஏறணும்."

"வெந்நீர் விளையாட்டு இல்லீங்க. நெஞ்சுக்கு ஆகாது."

"என் நெஞ்சுல ஒண்ணும் இல்ல. தோள்லதான் வலி. தோள மட்டுமாவது முக்கிட்டு வர்றேனே?"

டாக்டர் சிரித்தாள். அரெத்தி சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கை தோள் மட்டம் வரை வந்தது, அதற்குமேல் வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

"புரியுதும்மா," என்றாள் டாக்டர், அடுத்த ஆளின் அட்டையை எடுத்தபடி. "உப்பக் குறைங்க. காபி வேண்டாம். முக்கியமா, கோபப்படாதீங்க."

கோபப்படாதே என்று சொல்லி உலகத்தில் யாருக்காவது கோபம் குறைந்திருக்கிறதா? அரெத்தி வெளியே வந்து குளியல் இல்லத்தின் நீண்ட பெஞ்சில் உட்கார்ந்தபோது அவளுடைய பிரஷர் நூற்றி எழுபதைத் தொட்டிருக்கும். அளந்து பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒருநாள் காலையில் எழுந்தபோது இறுகிக்கொண்ட தோள் அது. அறுபத்தோரு வயதில் ஏதோ சுளுக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். ஊசி போட்டார்கள், மின்சாரம் வைத்தார்கள், ஒரு பெண் வந்து வாரம் இரண்டு தடவை கையைப் பிடித்து முறுக்கினாள். ஒன்றுக்கும் அசையவில்லை. துறைமுக ஊரான வோலோஸில் முப்பத்தோரு வருடமாகப் பெண்களுக்குப் பார்லர் நடத்துகிறவள் அரெத்தி. முடி திருத்துகிறவளுக்குக் கை தோளோடு நின்றுவிட்டால் என்ன செய்வாள்? வருகிறவர்களைத் தரையில் உட்கார வைத்தா சீவ முடியும்? வெட்டுவதையாவது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடுவாள். டிரையரைத் தலைக்குமேல் பிடித்துக் காயவைப்பதுதான் முடியவே முடியாது. ஈரத்தலையோடு எந்தப் பெண் வெளியே போவாள்?

கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் ஸ்டெர்யோஸ் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கும் பொறுமைக்கு ஒரு அளவு உண்டு. "செப்டம்பரோட ஒப்பந்தம் முடியுது, அரெத்தி. புதுசு போட்டா மூணு வருஷம். போன் விக்கிறவன் ஒருத்தன் நாலு மாசமா என் வாசல்ல நிக்கிறான். இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு," என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன இந்த எதிப்ஸோஸுக்கு வந்தாள். வோலோஸில் மூட்டுவலிக்காரர் எவரைக் கேட்டாலும் எதிப்ஸோஸ் என்றுதான் சொல்வார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு போனேன், கம்பைக் கடலில் வீசிவிட்டு வந்தேன் என்று சொல்கிறவர்கள் ஒரு தெருவுக்கு நாலு பேர். கை தூக்க வந்தால் கையெழுத்து, வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவது. இப்படித்தான் மனதில் முடிவு செய்து வைத்திருந்தாள்.

கணவன் லாம்ப்ரோஸின் ஓய்வூதியச் சீட்டில் ஆறு இரவு அறை கிடைத்தது. லாம்ப்ரோஸ் துணைக்கு வந்தவன். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. முட்டி கொஞ்சம் கிரீச்சிடும், மற்றபடி கல் மாதிரி உடம்பு. அந்தத் துணைக்கு வந்தவன்தான் திங்கட்கிழமை முதல் தினமும் காலை ஏழரைக்குப் பளிங்குத் தொட்டியில் கிடந்து வேகிறான்!

எதிர்க் கதவு திறந்தது. வெள்ளை அங்கியில் லாம்ப்ரோஸ், வேகவைத்த இறால் நிறத்தில் வெளியே வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்காம்."

"அடடா." அவன் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "சரி விடு, உன் நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க. நான் போய்ப் படுக்கணும், காத்துப் படக்கூடாது."

குளித்து வந்தால் ஜன்னலெல்லாம் அடைத்து, இரண்டு போர்வைக்குள் ஒரு மணி நேரம் வேர்க்க வேண்டும். நடுவில் காற்றுப் பட்டால் குளித்தது வீண், ஆளும் அவ்வளவுதான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தெருவில் எவனோ குறிபார்த்துச் சுடக் காத்திருப்பது போல சுவரோரமாகவே ஓடினான். அரெத்திக்கு வயிறெரிந்தது.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கர்தித்ஸாவிலிருந்து வந்த ஸ்மரோ. எழுபது வயதுக்காரி. பத்தொன்பது வருடமாக ஒரு வருடம் விடாமல் வருகிறவள், அதனால் குளியல் இல்லமே தனக்குச் சொந்தம் என்ற நினைப்பு.

"இது பிரஷர் இல்லம்மா," என்றாள் ஸ்மரோ. "கண்ணு."

"என்ன கண்ணுக்கா? கை தூக்க முடியாதவமேல எவ கண்ணு வைப்பா?"

"உன் தலைமுடியப் பாரு. இந்த வயசுல இவ்ளோ முடி யாருக்கு இருக்கு? இங்க உக்காந்திருக்கறதுல பாதிப் பேருக்கு மண்டை தெரியுது."

பாதிப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்மரோ கண்டுகொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணமும் எண்ணெய்ப் புட்டியும் எடுத்தாள். குழாய்த் தண்ணீரில் மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்து, கொட்டாவி விட்டாள். பெரிய கொட்டாவி. எண்ணெய் தண்ணீரில் பரவிக் காணாமல் போனது.

"பாத்தியா! எவ்ளோ கண்ணு! எனக்கே தாங்கல."

பக்கத்திலிருந்த இன்னொருத்தி, பூண்டுதான் பிரஷருக்கு மருந்து, படுக்கும் முன்னால் நாலு பல் பச்சையாக மென்று விழுங்கு என்றாள். அரெத்தி இரண்டையும் செய்தாள். எண்ணெய்க்கும் தலையாட்டினாள், பூண்டையும் மென்றாள். கை வேண்டுமே, வெட்கப்பட்டால் முடியுமா? புதன்கிழமை காலை டாக்டர் மெலினா பட்டையைக் கட்டும்போது பூண்டு வாடை தாங்காமல் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நூற்றி நாற்பத்தாறு. நாளைக்கு வாங்க.

அன்று மத்தியானம் கடலோர உணவகத்தில் அரெத்தி உப்பில்லாத நெத்திலி வறுவல் கேட்டாள்.

"உப்பில்லாமயா?" பரிமாறுகிறவர் தாளில் எழுதுவதை நிறுத்தினார். "மீன் கடல்லேர்ந்து வருதும்மா. அதுகிட்ட எப்படிச் சொல்றது?"

"மேல போடாதீங்கன்னு சொன்னேன்."

"சாலட்டுல சீஸ்?"

"உப்புப் போகக் கழுவிக் குடுங்க."

அவர் லாம்ப்ரோஸைப் பார்த்தார், இந்த வீட்டில் உனக்கு என்ன கஷ்டமோ என்ற பார்வை. லாம்ப்ரோஸ் தனக்கு உப்போடு ஒரு தட்டும் ஆக்டோபஸும் குடிக்க ஊசோ மதுவும் சொன்னான். சாப்பிட்டு முடித்துத் துடைத்த வாயோடு, "நீ ரொம்ப அலட்டிக்கிற, அரெத்தி," என்றான். "கடைதானே. இருந்தா இருக்கு, போனா போகுது. முப்பத்தோரு வருஷம் நின்ன காலு. கொஞ்சம் உக்காரு."

"நான் உக்காரவா கேட்டேன்?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லாத. சும்மா இரு."

வியாழக்கிழமை நூற்றி நாற்பது. டாக்டர் மெலினா "ஆஹா" என்றாள், அரெத்தி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டாள். "இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கலாம்," என்றாள் டாக்டர். அரெத்தி பாதி எழுந்தபடியே நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் தொட்டிகளில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பூமிக்கடியிலிருந்து ராஜாக்கள் காலத்திலிருந்தே கொட்டிக்கொண்டிருக்கிற தண்ணீர். யாருக்கும் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை, அரெத்தி என்ற ஒருத்திக்கு மட்டும் ஒரு தொட்டி கிடையாதாம்.

அன்று மாலை அவள் கடலுக்கே போனாள். குளியல் இல்லத்துக்குக் கீழே, மிச்ச வெந்நீர் மஞ்சள் படிந்த பாறைமேல் வழிந்து கடலில் விழுகிற இடம். தொப்பி போட்ட தலைகள் பத்துப் பதினைந்து ஆவிக்கு நடுவே மிதந்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தன. சீட்டும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். குளியல் இல்லத்துக்காரர்களுக்கு இந்த இடம் பிடிக்காது. கடல் கலந்தால் வெந்நீரின் வீரியம் போய்விடும் என்பார்கள். போனால் போகட்டும் என்று அரெத்தி முட்டி வரை இறங்கினாள். சூடு சுளீரென்று ஏறியது. சுகமாக இருந்தது.

"அரெத்தி!" மேலே நடைபாதையிலிருந்து லாம்ப்ரோஸின் குரல். முப்பது வருடம் பஸ்ஸில் "உள்ள நகருங்க" என்று கத்திப் பழகிய குரல். "டாக்டர் என்ன சொன்னாங்க! உனக்குப் புத்தி இருக்கா! ஏங்க, அவங்களப் பிடிங்க, பிரஷர் இருக்கு அவங்களுக்கு!"

தொப்பிகள் எல்லாம் திரும்பின. ஒருவர் நிஜமாகவே பிடிப்பதற்குக் கையை நீட்டினார். இன்னொருத்தி, போன வருடம் லாரிஸாக்காரர் ஒருவர் இப்படித்தான் இறங்கி இப்படியே போய்விட்டார் என்று ஆரம்பித்தாள். அரெத்தி கரையேறினாள். முகம் எரிந்தது. ஈரப் பாவாடை காலில் ஒட்டிக்கொள்ள அறை வரை நடந்தாள். அவன் பின்னாலேயே செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை. லாம்ப்ரோஸ் குளித்து முடித்து அறைக்குப் போகும்போது தன் குளியல் அட்டையை அவள் கையில் திணித்தான். "வச்சுக்கோ, நேத்து அங்கிப் பையில வச்சு நனஞ்சுபோச்சு." அரெத்திக்குப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேறெதுவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். ஐந்து கட்டம், ஐந்து முத்திரை. ஒவ்வொரு முத்திரைக்குப் பக்கத்திலும் அன்றன்றைய பிரஷர், டாக்டர் மெலினாவின் கையெழுத்தில். நூற்றி நாற்பத்தெட்டு. நூற்றி நாற்பத்தைந்து. நூற்றி ஐம்பது. நூற்றி நாற்பத்தேழு. நூற்றி நாற்பத்தாறு.

அரெத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். எண்கள் மாறவில்லை.

பெயர் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து டாக்டரின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே சட்டை கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பயந்து போய்ச் சட்டையை மறுபடி மாட்டினார்.

"இது என்ன?" அட்டையை மேசைமேல் வைத்தாள். "அந்த ஆளோட நூத்தி அம்பது உங்க கதவுல நுழையுது. என்னோட நூத்தி நாப்பது நுழையாதா? ஆம்பள ரத்தம் வேற, பொம்பள ரத்தம் வேறயா?"

டாக்டர் மெலினா பெரியவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோபப்படாதீங்கம்மா. எண்ணு மட்டும் இல்ல. உங்க கணவருக்கு மயக்கம் வந்ததில்ல."

"எனக்கு வந்ததா?"

டாக்டர் பேனாவை மூடினாள்.

"எனக்கு எப்ப மயக்கம் வந்துச்சு? நீங்க முதல் நாளே கேட்டீங்க, இல்லன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. இல்லன்னுதான் சொல்லுவீங்கன்னு அவரும் சொன்னாரு." டாக்டர் பெருமூச்சு விட்டாள். "இந்த வருஷம் ரெண்டு தடவ வெந்நீர்ல குளிக்கும்போது விழுந்துட்டீங்களாம். யார்கிட்டயும் சொல்லமாட்டீங்க, கடை போயிடும்னு பயம், நான் சொன்னதாக் காட்டிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. இதே இடத்துல நின்னு கண் கலங்கினாரு. நான் என்னம்மா செய்யறது?"

"நான் விழவே இல்ல!"

"விழுந்தவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

அரெத்திக்குத் தலை சுற்றியது, இப்போதுதான் முதல்முறையாக. மேசையை இடது கையால் பிடித்துக்கொண்டாள், உடனே கையை எடுத்தும்விட்டாள். இங்கே தடுமாறினால் அதையும் எழுதி வைத்துக்கொள்வார்கள். விழாததை எப்படி நிரூபிப்பது? விழாத இடத்தைக் கொண்டுவந்து காட்ட முடியுமா?

"அவரே வந்து சொன்னா?"

"வந்து எழுதிக் குடுத்தா, இன்னைக்கே விடறேன். பன்னெண்டே முக்காலுக்குக் கடைசித் தொட்டி."

அறையில் லாம்ப்ரோஸ் இரண்டு போர்வைக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தான். அரெத்தி நேராகப் போய் ஜன்னலை இரண்டு கதவும் சுவரில் மோதத் திறந்தாள். கடல்காற்று திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

"ஐயோ! காத்து! என்னடி பண்ற, செத்துப்போயிடுவேன்!"

"நான் எங்க விழுந்தேன்?"

"என்ன?"

"ரெண்டு தடவ விழுந்தேனாமே. எந்தக் குளியலறைல? யாரு தூக்கினா?"

மூக்கு போர்வைக்குள் போனது. பிறகு முழு முகமும் வெளியே வந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான், காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"அந்த டாக்டர் சொல்லமாட்டேன்னு சொன்னாங்க," என்றான்.

"அவளச் சொல்லாத. உன்னச் சொல்லு."

"என்ன சொல்ல? கை சரியானா நீ கையெழுத்துப் போடுவ. இன்னும் மூணு வருஷம். அதுக்கப்புறம் இன்னும் மூணு." அவன் போர்வை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே பேசினான். "ஒன்பது வருஷமா வீட்டுல ஒத்தையா உக்காந்திருக்கேன், அரெத்தி. காலைல எட்டு மணிக்குப் போறவ ராத்திரி எட்டு மணிக்கு வர்ற. கால் வலிக்குதுன்னு படுக்கற. நான் டிவி கூடப் பேசறேன். கேக்கறவங்க யாரும் இல்லன்னா டிவி வானிலைக்கே பதில் சொல்றேன். தோள் இறுகினப்போ... தப்புதான், எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. சரி, இனிமே வீட்ல இருப்பான்னு."

"இத என்கிட்ட வாயத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன். மூணு தடவ கடைக்கே வந்து கேட்டேன். மூணு தடவையும் டிரையர் சத்தத்துல என்ன, என்னன்னு கேட்ட. அப்புறம் முடியக் கூட்டிட்டுப் போன்னு விளக்குமாத்தக் குடுத்த."

அரெத்திக்கு அது நினைவில்லை. நினைவில்லாதது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அதுக்காக நீ என் தொட்டில போய்க் குளிப்பியா?"

"நானும் போகலன்னா நீ சந்தேகப்படுவியே."

"எந்திரி."

"அங்கியோடயா?"

"அங்கியோட."

தெருவில் பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். வெள்ளை அங்கி, துண்டுத் தலைப்பாகை, செருப்போடு ஒரு ஆண், அவனுக்கு முன்னால் ஒரு கையை வீசியும் ஒரு கையை மடக்கியும் ஒரு பெண். குளியல் இல்லத்தின் பெஞ்சு முழுக்க ஆள். லாம்ப்ரோஸ் டாக்டரின் அறைக்குள் போகப் பார்த்தான். "இங்கயே சொல்லு," என்றாள் அரெத்தி. டாக்டர் மெலினா கதவருகே வந்து நின்றாள்.

"அவ விழல," என்றான் லாம்ப்ரோஸ், தரையைப் பார்த்து. "நான் பொய் சொன்னேன்."

"கேக்கல," என்றாள் பெஞ்சின் மறுகோடியிலிருந்து யாரோ. வேண்டுமென்றே கேட்டாளோ, நிஜமாகவே காது மந்தமோ, தெரியவில்லை. அவன் பஸ் குரலில் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

ஸ்மரோ தன் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கண்ணு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு," என்றாள். "எனக்கு அப்பவே தெரியும், அந்தக் கொட்டாவி சாதாரணக் கொட்டாவி இல்ல."

நூற்றி அறுபத்தைந்து இருந்திருக்க வேண்டிய பிரஷர் அன்றைக்கு என்னவோ நூற்றி முப்பத்தெட்டு இருந்தது. டாக்டர் மெலினா லாம்ப்ரோஸிடம் எழுதி வாங்கிக்கொண்டு அவள் அட்டையில் முத்திரை குத்தினாள்.

தொட்டி பழைய பளிங்கு. படியில் காலங்காலமாகக் கால் பட்டுக் குழி விழுந்திருந்தது. உதவிக்கு இருந்த பெண் அரெத்தியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "இருபது நிமிஷம். கதவத் தட்டுவேன்," என்று சொல்லிப் போனாள். தண்ணீர் லேசாகப் பழுப்பு. இரும்பு வாசனை. கழுத்து வரை மூழ்கியதும் உடம்பு முழுக்க ஒரு பாரம் இறங்கியது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஐந்து நாள் கதவுக்கு வெளியே கேட்ட சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டாள்.

பத்து நிமிடம் கழித்துக் கையைத் தூக்கினாள். தண்ணீருக்குள் சுலபமாக வந்தது. தண்ணீருக்கு மேலே வந்ததும் தோள் மட்டத்தில் நின்றது. ஒரு விரல் கூடுதலாக வந்ததோ? வரவில்லையோ? இன்னொரு தடவை தூக்கினாள். வந்தது போலவும் இருந்தது, ஆசையில் தோன்றியது போலவும் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வலிக்காக அழவில்லை. ஒரு குளியலில் ஒன்றும் தெரியாது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்து நாளும் குளித்திருந்தால் கை வந்திருக்குமா, வந்திருக்காதா? வராமலே போயிருந்தாலும் பரவாயில்லை, வராது என்றாவது தெரிந்திருக்கும். இனி சாகும்வரை தெரியப்போவதில்லை. அதைத்தான் அந்த மனுஷன் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டான். கதவு தட்டப்பட்டபோது முகத்தில் அதே தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒண்ணும் ஒத்தப்படைதாம்மா," என்றாள் ஸ்மரோ வெளியே, ஆறுதலுக்கு. குளியலை இரட்டைப்படையில் நிறுத்தினால் வலி திரும்பி வந்துவிடும் என்பது அவள் கணக்கு. திரும்பி வருவதற்கு அது எங்கே போயிற்று என்று அரெத்தி கேட்கவில்லை.

அரெத்தி அறைக்குப் போய் வேர்க்கவில்லை. போர்வையும் போர்த்தவில்லை. ஈரத் தலையோடு கடலோரம் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள், வருகிற காற்றெல்லாம் வரட்டும் என்று. எதிர்க்கரை மலை மங்கலாகத் தெரிந்தது. சாயங்காலம் லாம்ப்ரோஸ் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். இப்போது கால்சட்டையும் சட்டையும் போட்டிருந்தான்.

"கை?" என்றான்.

தூக்கிக் காட்டினாள். தோள் மட்டம்.

"நான்தான்," என்றான். "நான்தான் கெடுத்தேன். அஞ்சு நாளும் போயிருந்தா வந்திருக்கும்."

அப்படியெல்லாம் இல்லை, வந்திருக்காது என்று சொல்லி அவனைத் தேற்றியிருக்கலாம். ஆமாம், வந்திருக்கும் என்று சொல்லி அழவிட்டிருக்கலாம். இரண்டும் அரெத்திக்குத் தெரியாத விஷயம். தெரியாததைச் சொல்ல அவள் என்ன லாம்ப்ரோஸா?

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பையிலிருந்து போனை எடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஸ்டெர்யோஸ்? நான் அரெத்தி. ஆமா, எதிப்ஸோஸ்லதான். நல்லா இருக்கேன்." போனை இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "போன்காரன வாசல்லேர்ந்து போகச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடறேன். மூணு வருஷம். திங்கக்கிழமை வர்றேன்."

போனை மடியில் வைத்தாள்.

"கை வரலியே," என்றான் லாம்ப்ரோஸ். "டிரையர எப்படிப் பிடிப்ப?"

"நான் ஏன் பிடிக்கணும்? உன் கை தலைக்குமேல நல்லாத் தூக்குதே. காலைல துண்ட எவ்ளோ அழகாச் சுத்திக்கிட்டு ஓடற, பாக்கறேனே."

"நான் பஸ் டிரைவர், அரெத்தி!"

"அறுவது பேர உக்கார வச்சு மேட்டுல ஏத்தினவன்தானே. மூணு பொம்பளைங்களுக்குத் தலை காயவைக்க மாட்டியா? செவ்வாக்கிழமை எட்டு மணிக்கு என்கூடக் கிளம்பற. ராத்திரி எட்டு மணிக்கு என்கூடத் திரும்பற. ஒத்தையா உக்காந்திருக்கேன்னு சொன்னல்ல? இனிமே உக்காரவே முடியாது."

அவன் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான், அவற்றை யாரோ இப்போதுதான் விலைக்கு வாங்கிவிட்டது போல. பிறகு தலையைச் சொறிந்தான். அவன் முகத்தில் வந்தது பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

"அப்போ," என்றான் மெதுவாக, "மன்னிச்சுட்டியா?"

"இல்ல."

"எப்ப மன்னிப்ப?"

"மூணு வருஷம் ஒப்பந்தம்," என்றாள் அரெத்தி. "முடியட்டும். பாக்கலாம்."